பாடும் டாஷ்போர்டு – அத்தியாயம் 9: நால்வரில் ஒருவர்

இதுவரை: 1930-இல் மோட்டோரோலா காருக்குள் கொண்டுவந்த வால்வு ரேடியோ, ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் லைசென்ஸ் எடுத்த நம் ஊர் அம்பாசிடர்காரர்கள், 1963-இல் ஃபிலிப்ஸ் அறிமுகம் செய்த கேசட், அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்த சி.டி. என எல்லோரையும் கடந்து வந்துவிட்டோம். கைபேசி என்னும் புது ஆள் காரின் கதவைத் தட்டிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கதவைத் திறந்தது யார்?

மரக்காணத்தில் தொலையும் பாட்டு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். திருவான்மியூரில் கணீரென்று ஒலித்த 101.4 ரெயின்போ, மாமல்லபுரம் தாண்டியதும் கரகரக்கத் தொடங்கும். கல்பாக்கம், கடப்பாக்கம் என்று ஊர்கள் பின்னால் போகப் போக, பாட்டு மெலிந்து இரைச்சல் தடிக்கும். சாலையின் இருபுறமும் உப்பளப் பாத்திகள் விரிந்து வெள்ளைக் குவியல்கள் தெரியும் மரக்காணம் வருவதற்குள் சென்னை நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டிருக்கும். புதுச்சேரியின் 102.8 எப்படிக் கேட்கும் என்பது அந்தக் காரின் ஆண்டெனாவைப் பொறுத்தது.

குற்றம் ஊரின்மேல் இல்லை. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் அலை. பூமி வளையும் இடத்தோடு அதன் ஆட்டம் முடிந்துவிடும். இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் மரக்காணத்துக்கு அது நிற்காமல் வருவதற்கு வழியில்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதும் பழந்துறை இது. கடல் தாண்டிய சரக்கு வந்திறங்கிய ஊருக்குப் பக்கத்து நகரத்துப் பாட்டு வந்து சேரவில்லை.

அந்தக் காலி அலைவரிசைதான் கைபேசிக்குக் கிடைத்த முதல் இடுக்கு. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ஒரு குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் போதும். கைபேசியின் பாட்டை வாங்கி, சில அடி தூரம் மட்டும் எட்டும் வலுவில் ஒலிபரப்பும். கார் ரேடியோ அதையும் ஒரு நிலையம் என்று நினைத்துப் பாடும். நிலையங்கள் நெரியும் சென்னைக்குள் அதற்குக் காலி இடம் தேடித் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பளப் பக்கம் வந்துவிட்டால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

கேசட் செட் வைத்திருந்தவர்களுக்கு வேறொரு தந்திரம் இருந்தது: போலி கேசட். வடிவம் கேசட்டுடையது, உள்ளே நாடா கிடையாது. நாடா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் காந்தத் தலை. கைபேசியிலிருந்து ஒயர் வழியாக வரும் பாட்டை அது காந்தப் புலமாக்கி, எதிரே இருக்கும் பிளேயரின் தலைக்குக் கொடுக்கும். நாடா ஓடுவதாக நம்பிக்கொண்டு செட் பாடும்.

இரண்டுமே பழைய செட்டை ஏமாற்றிய வழிகள். ஏமாற்றத் தேவையே இல்லாத நேர்வழி ஒன்றும் அப்போது இருந்தது. அதை வெட்டி வைத்தவர்கள் ஜெர்மானியர்கள்.

180-க்கு 50

டி.ஐ.என். 75490 என்று ஒரு ஜெர்மன் தரநிலை. கார் ரேடியோவின் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். டாஷ்போர்டில் அதற்கேற்ற துளை இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1984-இல் இதுவே ஐ.எஸ்.ஓ. 7736 என்ற உலகத் தரநிலையானது. ஜப்பானியர்கள் உயரத்தை இரட்டிப்பாக்கி 100 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் இன்றும் புழங்கும் ‘சிங்கிள் டின்’, ‘டபுள் டின்’ கணக்கு அங்கிருந்து வந்தது.

இந்த அளவைப் போட்டவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. ஆனால் காரின் ஆயுளைக் கூட்டியவர்கள் அவர்கள். 1983 கடைசியில் சாலைக்கு வந்த மாருதி 800-ஐ வாங்கியவர்களில் பலர், வண்டியை எடுத்ததும் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, அடுத்தபடியாக ‘செட்’ போடத்தான் போனார்கள். சோனியோ, பயனியரோ, கென்வுட்டோ, எதுவானாலும் அந்தத் துளைக்குள் உட்கார்ந்தது. கேசட் போய் சி.டி. வந்தபோது பழையதை உருவிப் புதியதைத் தள்ளினார்கள். யூ.எஸ்.பி. வந்தபோதும் அப்படியே. பாட்டின் வடிவங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, கார் சாகவில்லை.

அப்படிப்பட்ட துளை ஒருநாள் மூடப்பட்டது. கார் கம்பெனிகளே மூடின. காரணம் கேட்டால், நியாயமாகவும் தோன்றியது!

வளையத்துக்குள் சிக்கிய செட்

எளிதில் உருவ முடிகிற செட்டைத் திருடனும் எளிதில் உருவினான். கார் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவை மட்டும் எடுத்துப்போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. டாஷ்போர்டோடு ஒட்டிப் பிறந்த செட் என்றால் திருடனுக்கு லாபமில்லை. இது முதல் நியாயம்.

இரண்டாவது நியாயம் ஒயர். கண்ணாடி ஏற்ற, கதவு பூட்ட, குளிர்சாதனம் இயக்க என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்துக் கார்கள் கனத்துப் போயிருந்தன. 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பாஷ் கம்பெனி ஒரு தீர்வை முன்வைத்தது. பெயர் ‘கேன்’. முறுக்கிய இரண்டே ஒயரில் காரின் எல்லாப் பெட்டிகளும் பேசிக்கொள்ளும் முறை. ஊரில் தண்டோரா போடுவது போலத்தான்: செய்தி எல்லோர் காதிலும் விழும், சம்பந்தப்பட்டவர் மட்டும் எழுந்து போவார். ரிவர்ஸ் கியர் விழுந்தது என்று ஒரு பெட்டி அறிவித்தால், திரை அதைக் கேட்டுப் பின்பக்கக் கேமராவைக் காட்டும். 1991-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் கேனோடு வந்தது. பிறகு அது சின்னக் கார்கள்வரை இறங்கியது.

2001-இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் இன்னொரு படி போனது. ‘மோஸ்ட்’ என்னும் முறையில், ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், நேவிகேஷன் எல்லாவற்றையும் ஒளியிழையால் ஒரு வளையமாகக் கோத்தார்கள். ஒரு பெட்டியைக் கழற்றினால் வளையம் அறுந்துவிடும். எல்லாமே ஊமையாகிவிடும்.

அதன்பின் குளிர்சாதன அளவு, கதவுப் பூட்டின் அமைப்பு, கேமரா, பார்க்கிங் எச்சரிக்கை என்று ஒவ்வொன்றாகச் செட்டின் திரைக்குள்ளேயே குடியேறின. ‘கம்பெனி செட்’டைக் கழற்றுவது என்பது காரின் பாதி வசதியைக் கழற்றுவது என்றானது. துளை இருந்த இடத்தில் வழுவழுப்பான பிளாஸ்டிக் வந்தது. அதன் வடிவம் காருக்குக் கார் வேறு. உலகத் தரநிலை அங்கே செல்லாது.

சரியாக அந்த நேரத்தில்தான், கம்பெனி செட் எதையும் ஓராண்டில் கிழவனாக்கிவிடும் ஒரு பொருள் பிறக்கவிருந்தது.

ஒரே வாரத்தில் இரண்டு மேடைகள்

2007 ஜனவரி 7. லாஸ் வேகாஸ் மேடையில் பில் கேட்ஸ், ஃபோர்டுக்காக மைக்ரோசாஃப்ட் செய்த ‘சிங்க்’ அமைப்பைக் காட்டினார். கைபேசியை ப்ளூடூத்தில் இணைக்கலாம், வாயால் சொல்லிப் பாட்டை மாற்றலாம். இரண்டே நாளில், ஜனவரி 9 அன்று, சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் கையில் எடுத்தார்.

ஒரே வாரம், எதிரெதிரான இரண்டு வழிகள். காரைப் புத்திசாலியாக்கு என்றது ஒன்று. கைபேசியைப் புத்திசாலியாக்கு என்றது மற்றொன்று.

இதில் யார் ஜெயிப்பார் என்பதை நம் ஆர்.சி. புத்தகமே சொல்லிவிடும். சொந்த உபயோகக் காரின் பதிவு இந்தியாவில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்கவும் செய்யலாம். ஒரு காரை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் எத்தனை தலைமுறைக் கைபேசிகள்! கம்பெனி செட்டுக்குள் வைத்த மூளை, ஷோரூமுக்கு வரும்போதே பழசாகியிருக்கும்.

நோக்கியா முதலில் ஒரு வழி சொன்னது: கைபேசித் திரையை அப்படியே கார்த் திரையில் காட்டலாம். 2011-இல் அது ‘மிரர்லிங்க்’ என்ற பெயரில் பல கம்பெனிகளின் கூட்டமைப்பிடம் போனது. ஆப்பிளும் கூகுளும் வேறு வழியில் போனதால் அது நிலைக்கவில்லை.

2014 ஜனவரி. கூகுள் ஒரு கூட்டணியை அறிவித்தது. சிப் செய்யும் என்விடியாவோடு நான்கு கார் கம்பெனிகள் அதில் சேர்ந்தன: ஆடி, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, ஹூண்டாய். இந்த நான்கு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு மார்ச் 3 அன்று ஜெனீவாவில் ஆப்பிளின் ‘கார்ப்ளே’ வெளிச்சத்துக்கு வந்தது. ஜூன் 25 அன்று கூகுள் ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ’வை அறிவித்தது. இரண்டின் தத்துவமும் ஒன்றே. வரைபடமும் பாட்டும் குரலைப் புரிந்துகொள்ளும் வேலையும் கைபேசிக்குள்ளேயே நடக்கும். கைபேசி அனுப்பும் படத்தைத் திரை வாங்கிக் காட்டும். விரல் பட்ட இடத்தைத் திருப்பிச் சொல்லும். கைபேசியை மாற்றினால் காரும் புதிதாகத் தோன்றும்.

சரி, புதுக் கார்களுக்குக் கதவு திறந்தது. ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கார்கள்?

மறைமலைநகர் தந்த ஏமாற்றம்

நம் கதை இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. 2013 ஜூனில் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. தயாரான இடம், செங்கல்பட்டுக்கு அருகில் மறைமலைநகர். மைக்ரோசாஃப்டின் சிங்க் அதில் இருந்தது. விபத்தில் காற்றுப்பை விரிந்தால், ஓட்டுநரின் கைபேசி வழியாகத் தானே 108-ஐ அழைக்கும் வசதியும் இருந்தது. கைபேசியும் காரும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதை நம் சாலைகளில் உரக்கச் சொன்ன வண்டி அது.

2014 டிசம்பரில் ஃபோர்டு மைக்ரோசாஃப்டை விட்டு விலகி, பிளாக்பெரியின் கியூ.என்.எக்ஸ். மென்பொருளுக்கு மாறியது. பெயர் சிங்க் 3. 2017 நவம்பரில் புது முகத்தோடு வந்த எக்கோஸ்போர்ட்டில் 8 அங்குலத் திரை, கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ எல்லாம் இருந்தன. 2013-இல் வாங்கியவர் அதே பெயர் தாங்கிய வண்டியை ஷோரூம் கண்ணாடி வழியே பார்த்தார். தன் வண்டிக்கும் மென்பொருள் அப்டேட் வருமா? வராது. பழைய சிங்க்கின் கணினியே வேறு. சிங்க் 3 அதில் ஓடாது.

அமெரிக்காவில் சிங்க் 3 வாங்கிய முதல் ஆட்களுக்கும் ஒரு விசித்திரம் காத்திருந்தது. 2016 மாடல் கார்களில் ஆரம்பத்தில் இரண்டு வசதியும் இல்லை. பிறகு அப்டேட் வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அதுவே போதும். ஐபோனுக்கு? காரின் யூ.எஸ்.பி. ஹப்பையே கழற்றி வேறு மாட்ட வேண்டியிருந்தது! பழைய ஹப்பின் வன்பொருள் கார்ப்ளேவுக்குப் போதவில்லை. மென்பொருளை எத்தனை முறை ஏற்றினாலும், இல்லாத வன்பொருள் முளைக்காது.

ஏற்கெனவே விற்ற கார்களைக் கைவிடாதவர்களும் உண்டு. 2015 மே மாதம் ஆண்ட்ராய்டு ஆட்டோ முதன்முதலில் ஒரு கம்பெனி காருக்குள் வந்தது: ஹூண்டாய் சொனாட்டா. அந்தக் கார்கள் அதற்கு முன்பே விற்று சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. பிறகுதான் மென்பொருள் வந்தது. 2016 தொடக்கத்தில் கார்ப்ளேவுக்கும் வழி திறந்தது. உரிமையாளர்களே இணையத்தில் இறக்கி, வீட்டு வாசலில் நின்றபடி ஏற்றிக்கொள்ளலாம். மஸ்டா இன்னும் பின்னால் போனது. 2014 மாடல் முதல் தன் பழைய கார்களுக்குப் புது யூ.எஸ்.பி. ஹப்பும் மென்பொருளும் சேர்ந்த ஒரு தொகுப்பை 2018-இல் டீலர்கள் வழியே விற்றது.

சிங்க் 3-இன் கதையையும் மஸ்டாவின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பழைய காரைக் காப்பாற்றியது அதன் திரையோ மூளையோ இல்லை; கழற்றி மாட்ட முடிந்த ஒரு சின்ன இணைப்பு. 180-க்கு 50 துளை செய்த வேலையை ஒரு யூ.எஸ்.பி. ஹப் செய்தது. அப்படி ஒன்றை விட்டுவைத்த கம்பெனியின் கார் புது யுகத்துக்குள் வந்தது. விட்டுவைக்காத கார்கள் கடைத்தெருவை நோக்கித் திரும்பின.

உப்புக் காற்றின் தீர்ப்பு

கடைத்தெரு கண்டுபிடித்த விடை ஒரு கறுப்புப் பெட்டி. கம்பெனி செட்டுக்கும் அதன் திரைக்கும் நடுவில் போகும் கேபிளை உருவி, இடையில் இந்தப் பெட்டியை உட்காரவைப்பார்கள். செட் அனுப்பும் படம் பெட்டி வழியாகத் திரைக்குப் போகும். ஸ்டீயரிங்கில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால், பெட்டி செட்டின் படத்தை நிறுத்திவிட்டுக் கைபேசியின் படத்தைக் கொடுக்கும். ஒலி, ஆக்ஸ் துளை வழியாக உள்ளே போகும். கேன் ஒயரில் ரிவர்ஸ் கியர் செய்தி கேட்டதும் பெட்டி ஒதுங்கிக்கொண்டு கேமராவுக்கு வழிவிடும். கம்பெனி செட்டுக்கு எதுவும் தெரியாது. போலி கேசட்டின் பேரப்பிள்ளை இது!

இதை மாட்டுவதில் இரண்டு வகை. ஒன்று, கப்ளருக்குக் கப்ளர் மாட்டுவது. காரின் அசல் ஒயர் எதுவும் அறுபடாது. மற்றொன்று, ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் பாடும். வித்தியாசத்தைச் சொல்வது மரக்காணம் போன்ற கடலோரம்.

உப்புக் காற்றில் ஈரமும் குளோரைடும் சேர்ந்தே இருக்கும். முறுக்கிய செம்புக் கம்பியின் இடுக்கில் அது புகுந்தால் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த இடத்தில் மின்தடை கூடும். பல கார்களில் ஸ்டீயரிங் பட்டன்கள் எல்லாமே ஒரே ஒயரில்தான் பேசுகின்றன. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மின்தடை அளவு. எந்த அளவு வந்தது என்று பார்த்து, எந்தப் பட்டன் என்று செட் தீர்மானிக்கிறது. இணைப்பில் பச்சை பூத்தால் அந்தக் கணக்குக்குள் உப்பும் ஒரு எண்ணைக் கூட்டிவிடும். ஒலியைக் குறைக்க அழுத்தினால் பாட்டு மாறும். பாட்டை மாற்ற அழுத்தினால் போன் துண்டிக்கும். காருக்குப் பேய் பிடித்தது என்று சொல்லாதவர் குறைவு. பேய் டேப்புக்குள் இருக்கிறது. அதனால்தான் கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு ஒயர் அறுக்காத கப்ளர், அல்லது பற்றவைத்து மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்ட இணைப்பு என்று கேட்டு வாங்குவது நல்லது. பெட்டியின் விலையைவிட அந்த இணைப்பின் தரம் முக்கியம்.

ஆக, கம்பெனி மூடிய துளையைக் கடைத்தெரு மறுபடி திறந்துவிட்டது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம்.

செப்டம்பர் 9

2021 செப்டம்பர் 9. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. ஏற்றுமதிக்கான மிச்ச வண்டிகள் முடிந்ததும் 2022-இல் மறைமலைநகர் அசெம்பிளி லைன் நின்றது. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்றார்கள். பிரேக் பேடுக்கும் பம்பருக்கும் அது ஆறுதல். ஆனால் அடுத்த பத்தாண்டில் வரப்போகும் கைபேசிகளோடு பேச, இந்தத் திரைகளுக்குப் புது மென்பொருள் எழுதப்போவது யார்? ஆர்.சி.யில் இன்னும் பல ஆண்டுகள் பாக்கி இருந்த உரிமையாளர்கள் அந்தக் கேள்வியோடு நின்றார்கள்.

அதற்கு விடை தேடுவதற்குள் அடுத்த இடி விழுந்தது. இந்த முறை தொழிற்சாலை எதையும் மூடவில்லை. 2023 மார்ச் கடைசியில் ஒரு கார் கம்பெனி தன் முடிவைச் சொன்னது: இனி வரும் எங்கள் மின்சாரக் கார்களின் திரையில் கார்ப்ளேவும் இருக்காது, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது. திரை எங்களுடையது, அதில் வரும் வரைபடமும் பாட்டும் எங்கள் வழியாகவே வரும்.

கைபேசியைக் கண்டு எப்போதும் முகம் சுளித்த கம்பெனி இதைச் சொல்லியிருந்தால் யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். சொன்னவர், 2014 ஜனவரியில் கூகுளோடு முதல் ஆளாகக் கைகோத்த அதே நால்வரில் ஒருவர்.

ஆடி, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, ஹூண்டாய். இவர்களில் ஒருவரின் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1998-இல் சான்ட்ரோ வந்தது முதல் நம் தெருக்களில் அவர் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. துளையை மறுபடி மூடத் துணிந்தவர் அவர்தானா? இல்லை, மற்ற மூவரில் ஒருவரா? அப்படிச் செய்வதில் அவருக்கு என்ன லாபம்?

(அடுத்த வாரம்: திரைக்கு வாடகை கேட்டவர்)